செப்ஸிஸ் என்னும் அபாயம்

(நம் சங்கத்தின் மார்கழி மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இம்மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இம்முறை ஒரு வியாதியைப் பற்றிப் பேச இசைந்தோம் என்றதும், 'அதற்கு ஒரு டாக்டரை அழைத்திருக்கலாமே' என்று சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. நாம் பள்ளிப் படிப்போடு நின்று, ரெயில்வே ஆபீஸில் பைல் கட்டும் குமாஸ்தா. நாடி பார்க்கத் தெரியாது. ஆயினும் இவ்விஷயத்தில் இந்த ஊர் டாக்டருக்குப் புலப்படாத ஓர் அடையாளம் இருக்கிறது. அது தமிழ் அறிந்த நம் காதுக்குத்தான் எட்டும். நம் காலனியில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னால் அது விளங்கும். குடும்பத்தாரின் சம்மதம் பெற்றே சொல்கிறோம்.

2022 டிசம்பர் மாதம். நம் அன்பர் ஒருவரின் தாயார், எழுபது கடந்தவர், கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேரனைக் காண வந்தார். சென்னையில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறியவர், ஓடும் வண்டியில் கழிவறைக்குப் போகக் கூசி, வழியெல்லாம் தண்ணீர் அருந்தவில்லை. நம் வீட்டுப் பெண்மணிகள் பலரும் இவ்வாறுதான் பிரயாணம் செய்கின்றனர். வந்த மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு கண்டது. மகனிடம் சொல்ல வெட்கம். மருமகளிடம் சொன்னால் வேலைக்குப் போகிற பெண் லீவு போடுவாளே என்ற தயக்கம். சீரகத் தண்ணீர் காய்ச்சிக் குடித்து இரண்டு நாட்களைக் கடத்தினார். அடுத்த நாள் உடல் கிடுகிடுவென்று நடுங்கியது. இவ்வூர்க் குளிர் பழகாதவர், நடுங்கத்தானே செய்வார் என்று இன்னொரு ரஜாயைப் போர்த்திவிட்டனர். தொட்டுப் பார்த்தால் உடல் சுடவில்லை, சில்லென்றிருந்தது. ஜுரம் இல்லை என்று எல்லோரும் ஆறுதல் கொண்டனர். அந்த ஆறுதல் பொய்யாயிற்று.

மறுநாள் மாலை மூச்சு இரைக்கத் தொடங்கவே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கு வேண்டா. டியூட்டியில் இருந்தவர் ஹிந்தியில் பெயரும் ஊரும் வினவினார். பாட்டியும் ஏதோ விடை கூறினார். 'நினைவோடு இருக்கிறார், பேசுகிறார்' என்று சீட்டில் எழுதப்பட்டது. பேசியது மெய்தான். நல்ல தஞ்சாவூர்த் தமிழில்தான் பேசினார். ஆனால் என்ன பேசினார்? பெற்ற மகனைப் பார்த்து, 'அண்ணா, கன்னுக்குட்டிய அவுத்துக் கட்டினியா? மழ வரப்போவுது' என்றார். அந்த அண்ணன் காலமாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன. கட்டிலருகே நின்ற நாங்கள் மூவரும் அதைச் செவியால் கேட்டோம். 'வயதாயிற்று, ஊர் ஞாபகம்' என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோமேயன்றி டாக்டரிடம் சொல்லவில்லை. அதை ஹிந்தியில் எவ்வாறு சொல்வது என்ற கூச்சமும் உடனிருந்தது.

இரவு டியூட்டிக்கு வந்த நர்ஸ் கேரள நாட்டுப் பெண். அவருக்குத் தமிழ் பாதி விளங்கும். கன்றுக்குட்டியும் மழையும் காதில் விழவே, 'அண்ணன் யார், எங்கே?' என்று மகனைக் கேட்டார். விடையைக் கேட்டதும் வேறொன்றும் பேசாமல் ரத்த அழுத்தம் பார்த்தார்; மேல் அழுத்தம் 84. கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார், நிமிஷத்துக்கு 28. உடனே டாக்டரை அழைத்தார். 'செப்ஸிஸ்' என்ற சொல்லை நாம் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். மாலை ஐந்தரைக்கு வந்த நோயாளிக்கு மருந்து ஏறத் தொடங்கியது இரவு பத்தே முக்காலுக்கு. அந்த ஐந்து மணி நேரத்தில் ஆஸ்பத்திரியின் பங்கு எவ்வளவோ, எங்கள் மௌனத்தின் பங்கும் அவ்வளவு.

அது முதல் கண்ணில் பட்டதைப் படித்தும், அகப்பட்ட டாக்டர்களைத் துளைத்துக் கேட்டும் அறிந்துகொண்டவற்றை இனிச் சொல்கிறோம்.

செப்ஸிஸ் என்பது கிரேக்கச் சொல். அழுகுதல் என்பது பொருள். 'ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது' என்று முன்பு கூறினார்கள். இன்றைய மருத்துவர் கொள்கை சற்று வேறு. 2016 இல் உலக நிபுணர்கள் கூடி வகுத்த இலக்கணத்தின்படி, கிருமியை எதிர்க்க எழும் உடலின் சக்தி வரம்பு கடந்து, தன் அவயவங்களையே பழுதாக்கி உயிருக்கு அபாயம் விளைவிக்கும் நிலையே செப்ஸிஸ். நமக்குப் பழக்கமான முறையில் கூறுவதானால், ஒரு வண்டியில் திருடன் ஏறிவிட்டான் என்று செய்தி வருகிறது; அவனைப் பிடிக்க டிவிஷன் முழுவதும் சிக்னலைச் சிவப்பாக்கி விடுகிறார்கள். திருடன் அகப்பட்டானோ இல்லையோ, பால் வண்டி, தபால் வண்டி, தண்ணீர் வண்டி யாவும் நின்றுவிடுகின்றன. ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்து கசிகின்றன, நுண்ணிய குழாய்களில் ரத்தம் உறைகிறது, அழுத்தம் விழுகிறது. மூளைக்குச் சரக்குப் போகாவிடில் பேச்சு தடுமாறும். சிறுநீரகத்துக்குப் போகாவிடில் நீர் பிரிவது குறையும்.

வித்து எங்கிருந்தும் வரலாம். நுரையீரலில் நிமோனியா, சிறுநீர்த் தாரை, வயிற்றில் வெடித்த குடல்வால், காலில் புண், பிரசவம் இவை பெரும்பான்மை. பாக்டீரியா மட்டுமன்று, டெங்கு, மலேரியா இவற்றாலும், 2020 இல் நாம் அனைவரும் அஞ்சிய கொரோனாவாலும் இந்நிலை நேர்வதுண்டு. 2017 ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 4 கோடியே 89 லட்சம் பேருக்கு இது கண்டது. 1 கோடியே 10 லட்சம் பேர் மாண்டனர். அவ்வாண்டு உலகில் நேர்ந்த மரணங்களில் ஐந்தில் ஒன்று என்பது இதன் பொருள். இவ்வளவு பெரிய எமனின் பெயரை நாம் கேட்டிராதது ஏன்? இறப்புச் சீட்டில் 'நிமோனியா', 'கிட்னி பெயிலியர்' என்று மற்றொரு பெயரே எழுதப்படுவதும் ஒரு காரணம்.

பெயர்தான் புதிது. நம் பாட்டிமார் 'ஜன்னி கண்டுவிட்டது' என்று கூறுவதில்லையா? நோயாளி பிதற்றுவதும், கைகால் சில்லிடுவதும் கண்டு அஞ்சி அவர்கள் இட்ட பெயர் அது. பல வியாதிகளை அச்சொல் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் பேச்சுப் பிறழ்வதை ஆபத்தின் குறியாக அவர்கள் கொண்டார்கள் அல்லவா? அந்தக் கூர்மை நம்மிடம் மழுங்கிவிட்டது.

'பிரசவ ஜன்னி' என்று அவர்கள் கூறியதில் ஒரு பகுதி, பிள்ளை பெற்றவளுக்கு வரும் செப்ஸிஸே. அதைத் தடுக்க வழி கண்டவர் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரிய டாக்டர். அங்கே இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. மருத்துவச்சிகள் பார்த்த பகுதியில் சாவு குறைவு. டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த பகுதியில் அதிகம். படித்தவர் கையில் சாவு மிகுவானேன்? அவருடைய நண்பராகிய ஒரு பேராசிரியர் 1847 இல் பிணப் பரிசோதனையின்போது கையில் கத்தி கீறி, அத்தாய்மார்கள் கண்ட அதே குறிகளோடு மாண்டார். மர்மம் விளங்கிற்று: பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்தனர். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவும்படி செம்மல்வைஸ் கட்டளையிட்டார். 1847 ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு சில மாதங்களில் இரண்டளவுக்கு இறங்கியது. கற்றவர் கூட்டம் அவரைப் போற்றிற்றா? இல்லை. 1865 இல் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, உடலில் ஏற்பட்ட காயம் சீழ் வைத்து அவரும் அதே வியாதியால் இறந்தார். கை கழுவச் சொன்னவர் கதி இது. இன்றும் பிரசவித்த பெண்ணைப் பார்க்கப் போகிற நாம், வண்டிக் கைப்பிடியைப் பற்றிய கையோடு குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுகிறோம்.

இனி, அடையாளம் காண்பது. இதற்கென்று 'ஆம், இல்லை' சொல்லும் ஒரே பரிசோதனை கிடையாது. பலவற்றைச் சேர்த்துப் பார்த்தே டாக்டர் முடிவு செய்கிறார். ரத்தத்தில் லாக்டேட் என்னும் அமிலச் சத்து ஏறியிருக்கிறதா, சிறுநீரகமும் ஈரலும் வேலை செய்கின்றனவா, ரத்தத் தட்டணுக்கள் குறைந்தனவா என்று பார்க்கிறார். எக்கிருமி என்றறிய ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்க்க அனுப்புகிறார்; அதன் விடை வர ஓரிரண்டு நாட்களாகும். அதுவரை காத்திருப்பதில்லை. நம்மால் வீட்டில் பார்க்கக் கூடியது வேறு. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணலாம். வளர்ந்தவர்க்கு 12 முதல் 20 வரை இயல்பு. படுத்திருக்கையில் 22 அல்லது மேல் என்றால் கவலைக்குரியது. மேல் அழுத்தம் 100 அல்லது அதற்கும் கீழே இறங்கினாலும் அவ்வாறே. நாள் முழுதும் நீர் பிரியாமை, தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறுதல், நகமும் உதடும் நீலம் பாய்தல், என்றும் அறியாத நோவு ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். ஜுரம் இருந்தே தீரும் என்ற எண்ணம் வேண்டா. முதியவர்க்கும் பச்சைக் குழந்தைக்கும் உடல் குளிர்ந்து போவதும் உண்டு. பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடக்கும் சிசுவை 'நன்றாகத் தூங்குகிறது' என்று விட்டுவிடலாகாது.

இவை அனைத்தையும் ஆஸ்பத்திரியார் எக்கருவியாலேனும் கண்டுவிடுவார்கள். பேச்சு ஒன்றை மட்டும் எக்கருவியும் காட்டாது. தமிழன்றி வேறறியாத நம் தாயோ தந்தையோ இங்கே படுக்கையில் கிடக்கையில், அவர் சொல்வது பொருளுள்ளதா பிதற்றலா என்பதை அந்த அறையில் நம்மைத் தவிர யார் அறிவார்? விடை சொல்லாவிட்டால் 'ஹிந்தி தெரியாது' என்று எழுதுவர். சொன்னால் 'பேசுகிறார்' என்று எழுதுவர். இரண்டிலும் தவறு அவர்களுடையதன்று. ஆகவே இந்த இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுமாறு வேண்டுகிறோம். பெண்மணியானால், 'கல் தக் டீக் ஸே பாத் கர்தீ தீன், ஆஜ் உல்டா ஸீதா போல் ரஹீ ஹைன்.' நேற்றுவரை சரியாகப் பேசினார், இன்று தாறுமாறாகப் பேசுகிறார் என்பது பொருள். பின்னர், 'செப்ஸிஸ் தோ நஹீன் ஹை?' என்று கேளுங்கள். உச்சரிப்பைக் கேட்டு யாரேனும் சிரித்தால் சிரிக்கட்டும். 'டாக்டருக்கே பாடம் சொல்வதா' என்ற கூச்சமும் வேண்டா. 2012 இல் நியூயார்க் நகரத்தில் பள்ளியில் பந்து விளையாடி முழங்கை சிராய்த்துக்கொண்ட 12 வயதுச் சிறுவனை, வயிற்றுக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். சில தினங்களில் செப்ஸிஸால் இறந்தான். பெற்றோர் போராடியதன் பயனாக 2013 இல் அம்மாகாணத்து ஆஸ்பத்திரிகளுக்கு, செப்ஸிஸை விரைந்து கண்டு சிகிச்சை செய்ய விதிகள் ஏற்பட்டன. அமெரிக்க டாக்டருக்கும் தவறக் கூடிய விஷயம் இது.

சிகிச்சையில் முதன்மை நேரம். அழுத்தம் விழுந்துவிட்ட நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்று உலக மருத்துவர்கள் வகுத்த நெறி கூறுகிறது. இவ்வாறு அழுத்தம் விழுந்தவர்களைப் பற்றிக் கனடாவிலும் அமெரிக்காவிலும் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மருந்து தாமதித்த ஒவ்வொரு மணிக்கும் பிழைப்பவர் தொகை நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் வீதம் குறைந்தது. பிற்கால ஆராய்ச்சிகள் அளவில் வேறுபட்டாலும் தாமதம் கெடுதி என்பதில் வேறுபடவில்லை. மருந்தோடு உப்புநீரும் ஏற்றுகிறார்கள். முதல் மூன்று மணி நேரத்தில் எடை கிலோவுக்கு 30 மில்லி என்பது கணக்கு, ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு ஒன்றரை லிட்டர். அதற்கும் அழுத்தம் ஏறாவிட்டால் ரத்தக் குழாயை இறுக்கும் நார்-அட்ரினலின். தேவையானால் பிராணவாயு, செயற்கைச் சுவாசம், டயாலிஸிஸ்.

இவற்றோடு வித்தை அகற்ற வேண்டும். பாட்டியின் விஷயத்தில், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் ஒரு கல் அடைத்து, மேலே சீழ் தேங்கியிருந்தது. நள்ளிரவுக்குமேல் டாக்டர் கையெழுத்துக் கேட்டபோது, 'இந்த நிலையில் ஆபரேஷனா? அழுத்தம் ஏறட்டுமே' என்று மகன் தயங்கினார். அந்த டாக்டர் பொறுமையோடு விளக்கினார்: சாக்கடை அடைத்திருக்கும்போது தண்ணீர் விட்டுக் கழுவிப் பயன் என்ன, முதலில் வழி திறக்க வேண்டும். குழாய் வைத்துச் சீழை வடித்தனர். விடிந்ததும் அழுத்தம் ஏறலாயிற்று.

மருந்துக் கடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல வீடுகளில், போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரை அலமாரியில் இருக்கிறது. அண்டை வீட்டாருக்கும் தானமாகப் போகிறது. இவ்வாறு அரைகுறையாகத் தின்றதால் கிருமிகள் மருந்துக்கு மசியாதனவாகி வருகின்றன. 2014 முதல் முக்கியமான பல ஆன்டிபயாட்டிக்குகளை டாக்டர் சீட்டின்றி விற்கலாகாது, விற்றதைத் தனிப் புத்தகத்தில் பதிந்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்க விதி இருக்கிறது. நம் காலனிக் கடைத்தெருவில் அந்தப் புத்தகத்தை நாம் கண்டதில்லை.

தண்டவாளத்தில் வேலை செய்வோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். இருப்புப் பாதையோரப் புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சி கடித்தால் வரும் ஸ்க்ரப் டைபஸ் ஜுரமும் செப்ஸிஸைப் போல் அவயவங்களைத் தாக்கும். சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு இடுப்பிலோ அக்குளிலோ இருக்கும், வலிக்காது, தேடினால்தான் தெரியும். டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மருந்துக்குக் கட்டுப்படும். மற்றொன்று சர்க்கரை வியாதிக்காரரின் கால். 2014 இல் நம்மோடிருந்த கீமேன் ஒருவர், பூட்ஸுக்குள் ஜல்லி உறுத்திப் புண்ணானதை உணராமலே பத்து நாள் பாதை நடந்தார். உணர்ச்சி செத்த கால் நோவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டாம் நாள் முடிந்துவிட்டது. 'ரத்தத்தில் விஷம்' என்றார்கள். அதன் மெய்ப்பெயர் எங்களுக்கு எட்டு ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தது. பூட்ஸைக் கழற்றியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

பிழைத்தவர் கதை ஆஸ்பத்திரி வாயிலோடு முடிவதில்லை. பாட்டி பதினேழு நாட்கள் கழித்து வீடு திரும்பினார். எழுந்து நிற்கக் கால் நிற்கவில்லை. தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இரவில் கெட்ட கனவுகள். பேரன் பெயரை மாற்றிச் சொல்வார், சொல்லிவிட்டு அழுவார். 'வைத்தியம் முடிந்தது, இன்னும் ஏன் சோம்பிக் கிடக்கிறார்' என்று வந்துபோவோர் பேசினர். நாமும் அவ்வாறு எண்ணியதுண்டு. செப்ஸிஸிலிருந்து மீண்டவர் பலருக்கும் இந்தத் தளர்ச்சியும் மறதியும் மனச்சோர்வும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன என்று பின்னரே அறிந்தோம். மறுபடியும் கிருமி தாக்கும் அபாயமும் அவர்களுக்கு மற்றவரைவிட அதிகம். மருமகள் மூன்று மாதம் லீவு எடுத்துக் கையைப் பிடித்து நடத்திப் பழக்கினார். எந்த லீவுக்கு அஞ்சி அவர் நீர்க்கடுப்பை மறைத்தாரோ அந்த லீவு. இப்போது ஊரில் இருக்கிறார். சென்ற மார்கழியில் வாசலில் இட்ட கோலத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். முன்போல் இருபத்தொரு புள்ளியில்லை, ஏழு புள்ளி.

இறுதியாக ஒரு வேண்டுகோள். காலனியில் எவரேனும் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், உடன் சென்று நோயாளியின் தமிழைக் கேட்டு டாக்டருக்கு ஹிந்தியில் எடுத்துரைக்கக் கூடியவர்களின் பெயரும் போன் நம்பரும் கொண்ட ஒரு பட்டியலைச் சங்கத்தில் வைக்கத் தீர்மானித்திருக்கிறோம். இதுவரை நால்வர் பெயர் கொடுத்துள்ளனர். நால்வரும் பகல் வேளைக்கே இசைந்திருக்கின்றனர். இரவுக்கு இன்னும் ஒருவரும் இல்லை. கலைந்து போகுமுன் காரியதரிசியிடம் எழுதிக் கொடுக்கலாம்.